மோதிர விரலுக்கு ஒரு கிட்டார்

எனக்கு மொத்தம் நான்கு கார்ட் தெரியும். ஐந்தாவது பாதி தெரியும். கிட்டாரில் இரண்டு மூன்று கம்பிகளை வெவ்வேறு விரல்களால் ஒரே சமயத்தில் அமுக்கிக்கொண்டு மீட்டுவதற்குத்தான் கார்ட் என்று பெயர். ஒரு வருடத்துக்கு மேல் பழகியும் நான்கரைதான் என்று சொன்னால், என்னோடு வகுப்பில் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு வேண்டியது பாட்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு விரல்.

விழுப்புரத்தில், காணைக்குப் போகும் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, இரும்பில் இருக்கும் பள்ளங்களுக்குள் ஒவ்வொரு இழையாக விரலால் தள்ளி உட்காரவைக்கும் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்த விரல்களுக்கு முடி பின்னுவது ஒரு பொருட்டே இல்லை. அதனால் என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ரெட்டை ஜடை போடுவது நான்தான். மனைவி திண்டிவனம் பக்கத்தில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி வேன் காலை ஆறு மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். சோறு வடித்து வைத்துவிட்டு அவள் ஓடுவாள். தலை என் பொறுப்பு. மகளுக்கு அடர்த்தியான முடி, இடுப்பு வரை. நடு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் பின்னி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்பினால் சாயங்காலம் திரும்பி வரும்போதும் ஒரு முடி கலைந்திருக்காது. "உங்கம்மா நல்லா பின்றாங்க" என்று யாராவது சொன்னால், "அம்மா இல்ல, எங்கப்பா" என்று திருத்துவாளாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அன்றைக்கும் அதுதான் காரணம். காணை பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து, கட்டி முடித்த மோட்டாருக்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். "கரும்பு காஞ்சிக்கினு கீதுண்ணா, ஜல்தி பாருங்க" என்று பத்தாவது தடவை சொன்னபோது எனக்கு ஏறிவிட்டது. பின்பக்க ஃபேன் மூடியைக்கூடப் போடாமல் மோட்டாரை ஓடவிட்டு, "பாரு, ஓடுது பாரு" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இடது கையால் ஒரு ஒயரை ஒதுக்கினேன். கை போன இடம் ஒயர் இல்லை.

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிற தசைநாண் அறுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் திட்டிக்கொண்டிருந்த அதே மனிதர்தான் தன் தோள் துண்டால் என் கையை இறுக்கிக் கட்டி, வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று மதியம் முழுவதும் அவருடைய கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துண்டை மனைவி துவைத்து வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். சுண்டு விரல் ஏதோ பரவாயில்லை. மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மடங்கினாலும் அதில் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து, "அமுக்கிக்கினே இருங்க. இப்ப விட்டுட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்" என்றார். நான்கு நாள் அமுக்கினேன். பந்தை அமுக்கினால் பந்துதான் அமுங்குகிறது, வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று ஐந்தாம் நாள் அதைப் பரண் மேல் வீசினேன். என்னைப் போன்றவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது கஷ்டம்தான்.

கடையை மூடவேண்டி வந்தது. திண்டிவனத்தில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றில், இத்தனை வருடம் நான் சாமான் வாங்கின இடம், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்பலாம். வீட்டில் மகளின் தலையை அடுத்த வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷி. ஆனால் காலையில் மகள் சீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படி ஏறும்போது நான் உள்ளே போய் ஏதாவது தேடுவதுபோல நின்றுகொள்வேன்.

அந்த உதிரிப்பாகக் கடையின் மாடியில் ஒரு கிட்டார் வகுப்பு நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் ஒரே வரியை நூறு தடவை தப்பாக வாசிப்பார்கள். முதல் வாரம் எனக்குத் தலைவலி. இரண்டாவது வாரம் ஒரு பில் புத்தகம் எடுக்க மாடிக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, இடது கையின் நான்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கம்பியில் வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து கொடுத்த அம்மா என்னைச் செய்யச் சொன்னது அப்படியே அதுதான். இங்கே அழுத்தினால் ஒரு சத்தமாவது வருகிறதே என்று நினைத்தேன்.

சொல்லிக்கொடுப்பவள் இருபத்தைந்து வயதுப் பெண். பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. ஊர்க் கோயிலில், அவர்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டவள். நான் போய் நின்றதும், "புள்ளையச் சேர்க்கணுமா அண்ணா?" என்றாள்.

"இல்ல டீச்சர், நாந்தான்."

அவள் சிரிக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் அவளுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். என் கையைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா கையை மாத்திப் புடிச்சிக்கலாம் அண்ணா. வலது கையால அமுக்குங்க, இடது கையால மீட்டுங்க. ஈசியா இருக்கும்" என்றாள்.

"வேணாம். இந்தக் கையாலதான் அமுக்கணும்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. வெட்கமோ வீம்போ, எனக்கே தெரியாது. ஆசை என்று மட்டும் சொன்னேன். வகுப்பில் கிடந்த ஒரு பழைய கிட்டாரை, பழகும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கே கொடுத்து அனுப்பினாள்.

முதல் வாரத்தில் நல்ல விரல்களின் நுனியே தீயில் வைத்ததுபோல எரிந்தது. அவளிடம் காட்டினேன். "மல்லாட்ட உரிச்சிருக்கீங்களா அண்ணா?" என்று வேர்க்கடலையைச் சொல்லிக் கேட்டாள். "விதைக்கு உரிக்கறப்ப மொத நாளு கட்டை வெரலு எரியுமே, அதான் இது. நாலு நாளு போனா காஞ்சிடும்" என்றாள். காய்ந்தது. ஆனால் மோதிர விரல் கம்பியின் மேல் சும்மா படுத்துக்கொண்டிருந்தது. அழுத்தச் சொன்னால் பக்கத்து விரலைப் பார்க்கும்.

இரண்டாவது வாரம் வீட்டில் பழகும்போது, சுருதி சேர்க்கிறேன் என்று முறுக்கியை முறுக்கினேன். மோட்டாரில் நட்டு முறுக்கின கை. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. முதல் கம்பி பட்டென்று அறுந்து சுவரில் அடித்தது. இன்னொருத்தர் பொருள். கடன் வாங்கி வந்து பத்து நாளில் அறுத்துவிட்டேன் என்று போய் நிற்க மனசில்லை. ஆனால் கம்பி விஷயத்தில் நான் ஏன் யாரிடமும் போய் நிற்கவேண்டும்? அறுந்த துண்டின் கனத்தை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று கேஜ். என் மூடிய கடையில் அதே கேஜில் செம்புக் கம்பி ஒரு சுருளே இருந்தது. புத்தம் புதுசு. கச்சிதமாகக் கட்டி, முடிச்சும் போட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முறுக்கினேன். கம்பி நீண்டது. இன்னும் முறுக்கினேன், இன்னும் நீண்டது. தட்டினால் "தொப்" என்றது. செம்பு வளைந்து கொடுக்கத்தான் லாயக்கு, இழுத்துப் பிடிக்க எஃகு வேண்டும் என்பது காயில் கட்டுகிறவனுக்குத் தெரியாததில்லை; அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுநாள் டீச்சர் கிட்டாரை வாங்கி, சிவப்பாகத் தொங்கும் கம்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

"கேஜ் கரெக்டா இருக்கு டீச்சர். அளந்து பாத்துட்டுதான் போட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, நானும் சிரித்துவிட்டேன். விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான் என்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள்.

சிரித்து முடித்த அந்தச் சாயங்காலம்தான் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, விரல், பரணில் கிடக்கும் பந்து, மகளின் தலை. அவள் இரக்கப்பட்டு எதுவும் சொல்லவில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணா?" என்று கோபித்துக்கொண்டு, அதுவரை சொல்லிக்கொடுத்த பாடத்தை நிறுத்தினாள். அன்றிலிருந்து எனக்குத் தனிப் பாடம். மோதிர விரல் மட்டும். ஒரு கம்பி, கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம். வை, எடு, வை. மற்ற விரல் உதவிக்கு வந்தால் பென்சிலால் அதன் மேல் ஒரு தட்டு.

ரயிலிலும் அதையே செய்தேன். கிட்டாரோடு ஏறினால் யாராவது, "எந்த சர்ச்சுண்ணா?" என்பார்கள், இல்லையென்றால் "ஒரு பாட்டு எடுத்து உடுங்க" என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஓசை. மயிலத்தில் ஆரம்பித்து, பேரணி, விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கம் வரை "டிங்" மட்டும்தான். ஒருநாள் ஒரு பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ரிப்பேரா அது?" என்றார். "ஆமாங்க, ரிப்பேர்தான். பண்ணிக்கினுதான் வர்றேன்" என்றேன். யாரும் என்னை நிறுத்தச் சொன்னதில்லை. நாளெல்லாம் வேலை பார்த்துக் களைத்து வருகிறவர்கள் அவ்வளவு பொறுத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது.

செப்டம்பரில் அடுத்த வீட்டு அக்கா, தன் மகளுக்குப் பிரசவம் என்று திருவக்கரைக்குப் போய்விட்டார். வருவதற்கு மூன்று மாதமாவது ஆகும். என் மகள் தானே பின்னிக்கொள்ளப் பார்த்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. முன்னால் இருக்கும் முடி கைக்கு வரும், பின் வகிடு வராது. ஒரு ஜடை குண்டாக, ஒரு ஜடை எலி வாலாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் டைரியில் எழுதி அனுப்பினார்கள். நான் ஒருநாள் முயன்றேன். மூன்று காலாகப் பிரித்த முடியில் மோதிர விரல் பிடிக்கவேண்டிய கால் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை சீப்பை வீசினேன். அவள் அதை எடுத்துக்கொண்டுபோய் கண்ணாடி முன் நின்றாள். வீசினதற்கு அன்று பகல் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆயுதபூஜைக்கு மூடிக் கிடந்த கடையைத் திறந்து கழுவினோம். ஸ்பேனர், சுத்தியல், காயில் சுற்றும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிட்டாரும் அந்த வரிசையில் இருந்தது. கை தானாகப் போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அது யாருடையது என்ற யோசனை வந்தது. அடுத்த வகுப்பில் டீச்சர் அதைக் கவனித்து, "பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்றாள். துடைத்துவிடுகிறேன் என்று துணியை எடுத்தேன். "இருக்கட்டும் அண்ணா. ஒழைக்கிற பொருளுக்குத்தானே வெச்சீங்க" என்றாள். அந்தப் பொட்டின் கறை இப்போதும் அதில் இருக்கிறது.

ஆனால் பூஜைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லவேண்டும். விஜயதசமியன்று ஆயுதத்தை எடுத்து ஒரு வேலையாவது செய்து வைப்பது எங்கள் வழக்கம். ஒரு மேசை விசிறியின் மோட்டாரை எடுத்து உட்கார்ந்தேன். பத்துச் சுற்றுக்கூட உள்ளே தள்ள முடியவில்லை. கம்பியின் மேல்பூச்சுதான் உரிந்தது. அப்படியே தரையில் போட்டேன். வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"அப்பா, பார்லர்ல முடிய வெட்டிக்கட்டுமா? பாய்கட். மிஸ்ஸு வெட்டிக்கலாம்னு சொன்னாங்க. உனக்கும் பேஜாரு இல்ல" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அவள் முடியை வெட்டிக்கொண்டால், என் கை இனி இவ்வளவுதான் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

"தீபாவளி வரைக்கும் பொறும்மா. லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறக்கட்டும். அப்பவும் என்னால முடியலைன்னா நானே கூட்டிக்கினு போறேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவள் கீழே எங்கள் கடையிலிருந்தே மூன்று துண்டு ஒயரை வாங்கிவரச் சொன்னாள். ஜன்னல் கம்பியில் கட்டி, "எப்படிப் பின்னுவீங்க? காட்டுங்க" என்றாள். நான் பின்னினேன். அவள் குனிந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை பின்னச் சொன்னாள்.

"மோதிர வெரலு ஓரத்துக் காலைப் புடிச்சிக்கினு அசையாம நிக்கணும். மத்த வெரலுங்கதான் மாறி மாறி வேலை பாக்குது. இல்லையாண்ணா?"

ஆமாம். இத்தனை வருடம் பின்னியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

உடனே இரண்டு கார்ட் சொல்லிக்கொடுத்தாள். ஒன்று ஜி, ஒன்று டி. இரண்டிலும் மோதிர விரலுக்கு ஒரே இடம்: இரண்டாவது கம்பி, மூன்றாவது கட்டம். ஜி-யிலிருந்து டி-க்குப் போகும்போது மற்ற விரல்கள் எழுந்து இடம் மாறும். மோதிர விரல் மட்டும் அழுத்தின அழுத்தம் விடாமல் அங்கேயே நிற்கவேண்டும். விட்டால் அந்தக் கம்பி செத்துப்போகும், காதுக்கே தெரிந்துவிடும். "இத மட்டும் பண்ணுங்க. பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

ஜி, டி, ஜி, டி. கடையில் வியாபாரம் இல்லாத நேரம், ரயிலில், வீட்டில். மனைவி கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாள். "நேத்திக்கு இந்த ரெண்டாவதுல கரகரன்னுச்சி. இன்னிக்கு இல்ல" என்பாள். பகலெல்லாம் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வரும் காது அது. எனக்காக அதையும் கேட்டாள். தெருவில் யாரோ, உங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசில் என்ன என்று கேட்டதற்கு, "மருந்து சாப்புடுறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு சாயங்காலம், வகுப்பில், ஜி-யிலிருந்து டி-க்குப் போனேன். ஆறு கம்பியில் எது பேசவேண்டுமோ அது எல்லாம் தெளிவாகப் பேசியது. டீச்சர் மற்ற பிள்ளைகளை நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு தபா அண்ணா." வாசித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், இந்தத் தடவை கிண்டலாக இல்லை. ரயிலுக்கு நேரமாச்சு என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

தீபாவளியன்று மனைவி வீட்டில் இருந்ததால் தலை அவள் கைக்குப் போனது. நான் பக்கத்தில் வரவில்லை. லீவு முடிந்த நாள் காலை, வேன் போன பிறகு, மகள் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சீப்பையும் இரண்டு ரிப்பனையும் என் மடியில் வைத்தாள். திரும்பி உட்கார்ந்தாள்.

வகிடு எடுத்தேன். வலது ஜடை சுமாராக வந்தது. இடது ஜடையில் பாதியில் விரல் நழுவியது. அவிழ்த்தேன். சீப்பை வீசவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். ஓரத்துக் காலை மோதிர விரலில் வாங்கி, கம்பியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை மாற்றினேன். நின்றது. இன்னொரு பின்னல். நின்றது. ஜி, டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். மகள் கழுத்தை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டாள். மடித்து ரிப்பன் கட்டி முடித்தபோது என் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்தது டீச்சரைத்தான். பெற்றவர்கள் மல்லாட்டை உரித்து வளர்த்த ஒரு பெண், யாரென்றே தெரியாத ஒருவனுக்காக ஜன்னல் கம்பியில் ஒயரைக் கட்டிக் குனிந்து பார்த்தாளே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது?

மகள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். இடது ஜடை கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் நான் ரயிலிலிருந்து வந்தபோது பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு ஜடையும் தலையில் இருந்தன.

"லேட்டுன்னு ப்ரேயர் முடியற வரைக்கும் வெளிய நிக்க வெச்சாங்கப்பா" என்றாள்.

எனக்கு மனசு சுருங்கிவிட்டது. "பார்லருக்குப் போலாமா? சொன்ன சொல்லு சொன்னதுதான். உனக்கு எது தோதோ அது பண்ணலாம்" என்றேன். அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மனைவி வேனுக்குக் கிளம்பும் சத்தத்தில் விழித்தேன். மணி ஆறுகூட ஆகவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்தால், மகள் குளித்து யூனிபார்ம் போட்டுக்கொண்டு, முக்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சீப்பும் இரண்டு ரிப்பனும் இருந்தன.

"இன்னிக்கு மெதுவாவே பின்னுப்பா" என்றாள்.